வலது பட்ஸ் மட்டும் ஊமையாகிவிட்டது: அப்டேட்டை நடுவில் விட்டதாலா, உப்புக் காற்றாலா?

பாம்பன்_சங்கு · மே 9, இரவு 10:42

வணக்கம். ராமேஸ்வரத்தில் சங்கு, பாசிமணி விற்கும் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு பாம்பனில்.

மச்சான் துபாயிலிருந்து வந்தபோது ஒரு ஜோடி வயர்லெஸ் இயர்பட்ஸ் கொடுத்தார். ஒன்றரை வருடமாக ஒரு குறையும் இல்லை. போன வியாழக்கிழமை ராமநாதபுரம் பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனேன். சத்தத்தைக் கொஞ்சம் மாற்றலாம் என்று ஆப்பைத் திறந்தால் 'புதிய ஃபர்ம்வேர் (பட்ஸுக்குள் ஓடும் மென்பொருள்) உள்ளது, இப்போது நிறுவவும்' என்று நின்றது. கை சும்மா இருக்கவில்லை, அழுத்திவிட்டேன். இரண்டையும் பெட்டியில் போட்டு மூடியைத் திறந்தே வைக்கச் சொன்னது, அப்படியே செய்தேன். மண்டபம் தாண்டும்போது 20%. உச்சிப்புளியில் 63%. அதோடு சரி, நகரவே இல்லை. புதுப் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது, இறங்க வேண்டும். ஆப்பை மூடிவிட்டுப் பட்ஸை எடுத்துக் காதில் வைத்தேன். இடது பாடுகிறது. வலது செத்த பிணம்.

ஆப்பில் இடதுக்குப் புதுப் பதிப்பு எண் காட்டுகிறது. வலதுக்கு வெறும் கோடு. போனை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். புளூடூத்தில் ஜோடியை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தும் பார்த்தேன். ஒரு கடையில் காட்டினேன். கையில்கூட வாங்காமல் 'போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கங்க' என்றார்கள். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்டேட் போட்டதுதான் தப்பா? மீட்க வழி உண்டா?

சும்மா_இரு · மே 9, இரவு 10:58

நன்றாக ஓடுகிற எஞ்சினை யாராவது நடுக்கடலில் பிரிப்பார்களா? நான் பட்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ஆப்பே ஏற்றவில்லை. இன்றைக்கும் பாடுகிறது. பாட்டுக் கேட்கிற சாமானுக்கு எதற்கு அப்டேட்? அழுத்தச் சொன்னால் அழுத்திவிடுவதா?

கீழக்கரை_காக்கா · மே 9, இரவு 11:20

தம்பி, பதறாதே. கீழக்கரையில் 14 வருடமாக மொபைல் சர்வீஸ் செய்கிறேன். கையில் வாங்கிப் பார்க்காமல் போர்டு போச்சு என்று யார் சொன்னாலும் நம்பாதே. மூன்று கேள்வி கேட்கிறேன், யோசித்துச் சொல்.

அப்டேட் போடும்போது பெட்டியில் எவ்வளவு சார்ஜ் இருந்தது? வலது பட்ஸ் சமீபமாகச் சீக்கிரம் இறங்கிவிடுகிறதா? இதுதான் முக்கியம்: பெட்டியில் போட்டு மூடிய பிறகும் வலது பட்ஸ் போனோடு சேர்ந்தே இருந்ததுண்டா?

பாம்பன்_சங்கு · மே 9, இரவு 11:41

காக்கா, மூன்றாவது கேள்வியைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. பத்து நாளைக்கு முன்னால் பட்ஸைப் பெட்டியில் போட்டு மூடி மேசையில் வைத்திருந்தேன். அம்மா போன் செய்தார். எடுத்து 'சொல்லும்மா' என்கிறேன், பதிலே இல்லை. உற்றுக் கேட்டால் பெட்டிக்குள்ளிருந்து 'டேய் கேக்குதா, கேக்குதா' என்று கொசு மாதிரிச் சத்தம். அன்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

பெட்டியில் 40% இருந்திருக்கும். வலது பட்ஸ் ஒரு மாதமாகவே சீக்கிரம் இறங்குகிறது. பழசாகிவிட்டது என்று நினைத்தேன்.

கீழக்கரை_காக்கா · மே 10, காலை 7:15

அப்படியானால் நோய் அப்டேட்டில் இல்லை. வலது பட்ஸ் ஒரு மாதமாகப் பட்டினி.

பெட்டிக்குள் ஒவ்வொரு பட்ஸ் உட்காரும் குழியிலும் குண்டூசித் தலை மாதிரி சின்னப் பின்கள் இருக்கும், அழுத்தினால் உள்ளே போய் வரும். பட்ஸின் அடியில் அதற்கு நேராகத் தங்கப் பூச்சுப் பூசிய புள்ளிகள். இரண்டும் தொட்டால்தான் சார்ஜ் ஏறும். அதோடு, 'நான் பெட்டிக்குள் வந்துவிட்டேன்' என்று பட்ஸ் தெரிந்துகொள்வதும் பெரும்பாலான மாடல்களில் அந்தத் தொடர்பை வைத்துத்தான். தொடவில்லை என்றால் அது வெளியே இருப்பதாகவே நினைத்து முழித்துக்கொண்டிருக்கும். உங்கள் அம்மா குரல் பெட்டிக்குள் கேட்டது அதனால்தான்.

ஏன் தொடவில்லை? நம் ஊர்க் காற்று. தங்கப் பூச்சு மயிரிழையைவிட மெல்லிசு. தேய்ந்த இடத்தில் அடியில் இருக்கும் செம்பை உப்பும் வியர்வையும் பிடித்துவிடும். பூஜைப் பாத்திரத்தில் பார்க்கிறோமே, அதே பச்சைக் களிம்பு. எங்கள் கடைக்கு வரும் 'ஒரு பக்கம் வேலை செய்யவில்லை' கேஸ்களில் நான் முதலில் பார்ப்பதே இதைத்தான். பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள். 1914இல் திறந்த பழைய பாலத்தின் இரும்பைத் துரு தின்ற கதை ஊருக்கே தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, பாலிசிலாக்சேன் பூச்சும் பூசித்தான் கட்டினார்கள். உன் பட்ஸுக்கு அதெல்லாம் யார் பூசினார்கள்?

டார்ச் அடித்து வலது குழியைப் பார். போட்டோ எடுத்துப் போடு. எதையும் இப்போதே சுரண்டாதே.

பாம்பன்_சங்கு · மே 10, காலை 8:03

பார்த்தேன் காக்கா. இடது குழியில் இரண்டு பின்னும் பளபளவென்று இருக்கின்றன. வலதில் ஒரு பின் மட்டும் மேலே வரவில்லை, பாதியில் நிற்கிறது. அதைச் சுற்றிப் பச்சையாக, கடுகில் பாதி அளவுக்கு ஒரு பொருக்கு. பட்ஸின் அடியில் ஒரு புள்ளி கறுத்திருக்கிறது.

தொண்டி_எம்பெடட் · மே 10, காலை 10:30

சொந்த ஊர் தொண்டி, பெங்களூரில் இந்த மாதிரிச் சின்னச் சாதனங்களுக்கு நிரல் எழுதுவதுதான் வேலை. காக்கா சொன்னதோடு உள்ளே நடப்பதையும் சொல்கிறேன். அது தெரிந்தால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தானாகப் புரியும்.

ஃபர்ம்வேர் அப்டேட்டில் இரண்டு பயணம் உண்டு. முதலாவது, கம்பெனி சர்வரிலிருந்து போனுக்கு. சில எம்பி ஃபைல்தான், சிக்னல் இருந்தால் சீக்கிரம் வந்துவிடும். போனில் சிக்னல் போவது, தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இலங்கை டவரைப் பிடிப்பது போன்றவை இந்தப் பயணத்தை மட்டும்தான் கெடுக்கும். கெட்டாலும் பட்ஸுக்கு ஒன்றும் ஆகாது, அதற்கு விஷயமே தெரியாது. இரண்டாவது, போனிலிருந்து பட்ஸுக்குப் புளூடூத் வழியாக. இது நத்தை வேகம். ஐந்து நிமிஷமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான்.

இங்கேயும் பயப்படுகிற அளவு இல்லை. ஓரளவு நல்ல மாடல்களில் மெமரியை இரண்டு அறையாகப் பிரித்திருப்பார்கள். ஓடுகிற பழைய ஃபர்ம்வேர் ஒரு அறையில் இருக்கும். புதுசு அடுத்த அறையில் துண்டு துண்டாக இறங்கும். முழுதும் வந்த பிறகு கணக்குப் பார்க்கும், கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்றும் பார்க்கும். எல்லாம் சரி என்றால்தான் புது அறைக்குக் குடிமாறும். பாதியில் அறுந்தால் பழைய வீடு அப்படியே இருக்கும். ஒரே அறை வைத்து, பழசை அழித்துக்கொண்டே புதுசை எழுதும் மலிவு மாடல்களும் உண்டு. அவை பாதியில் நின்றால்தான் நிஜமாகவே செங்கல், மறுபடி எழாது.

உங்கள் கேஸில் என் ஊகம் இது. ஆப் முதலில் இடதுக்கு முழுதாக அனுப்பி முடித்திருக்கிறது. அப்புறம் வலதுக்கு அனுப்பும்போது, ஒரு மாதமாகப் பட்டினி கிடந்த வலதின் பேட்டரி உச்சிப்புளியில் காலியாகிவிட்டது. பட்ஸ் பேட்டரி பெரும்பாலும் 30 முதல் 60 மில்லி ஆம்பியர்-மணிதான், உங்கள் போனில் நூறில் ஒரு பங்கு. ரேடியோவும் மெமரி எழுத்தும் சேர்ந்து ஓடினால் எவ்வளவு தாங்கும்? ஆகவே வலது பிணம் இல்லை, பசி மயக்கம். சாப்பாடு போட்டால் எழுந்துவிடும் என்று நினைக்கிறேன். எழுந்தாலும் இடது புதுசு, வலது பழசு என்பதால் இரண்டும் சேர்ந்து பாட மறுக்கலாம். அதற்கு மருந்து அதே அப்டேட்டை மறுபடி முழுதாக ஓட்டுவது.

கீழக்கரை_காக்கா · மே 10, பகல் 12:10

தொண்டித் தம்பி அழகாகச் சொல்லிவிட்டார். சுத்தம் செய்வது என் துறை, கேட்டுக்கொள்.

மெடிக்கலில் காது குடையும் பஞ்சுக் குச்சி வாங்கு. முதலில் காய்ந்த குச்சியால் துடை. பொருக்கு போகாது, தெரியும், ஆனாலும் தூசி போகட்டும். அப்புறம் ஐபிஏ, அதாவது ஐசோப்ரொபைல் ஆல்கஹால், 99% போட்ட பாட்டிலில் வாங்கு. எலெக்ட்ரானிக்ஸ் ஸ்பேர் கடையில் கிடைக்கும். குச்சியை அதில் தொட்டு, விரலால் பிழிந்துவிடு. சொட்டக் கூடாது. பின் தலையில் வைத்து மெதுவாகச் சுழற்று. பச்சை குச்சிக்கு வந்துவிடும். பின்னை ஒரு பல்குத்தும் மரக்குச்சியால் நேர் கீழே அழுத்தி விடு, பத்துப் பதினைந்து தடவை. ஸ்பிரிங் இடுக்கில் உப்பு உட்கார்ந்திருக்கும், அது உதிர்ந்து பின் மேலே வரும். பட்ஸின் அடிப் புள்ளியையும் அப்படியே துடை. பஞ்சு வலைப் பக்கம் போகக் கூடாது, ஒலி வரும் வலையில் ஆல்கஹால் பட்டால் வேறு வம்பு. அரை மணி நிழலில் திறந்து வை.

உப்புத்தாள், பிளேடு, அம்மாவின் ஊக்கு, எதுவும் வேண்டாம். மிச்சமிருக்கும் தங்கப் பூச்சையும் நீயே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். பாத்திரத்துக்குப் புளி போடுகிறோமே என்று ஒருத்தர் எலுமிச்சம்பழம் பிழிந்து கொண்டுவந்தார் என் கடைக்கு. சிரிக்காதீர்கள், நிஜம்.

சுத்தம் செய்த பிறகு ஒரு மணி நேரம் சார்ஜ் போடு. அடிமட்டம் வரை இறங்கிய லித்தியம் பேட்டரி எழுந்திருக்க நேரம் எடுக்கும். ஐந்து நிமிஷத்தில் வரவில்லை என்று மறுபடி குடையாதே.

உச்சிப்புளி_நர்ஸ் · மே 10, பிற்பகல் 3:25

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என்னுடையது ஏர்பாட்ஸ். அதில் அப்டேட் பட்டனே காணோம். மகன் ஆண்ட்ராய்டு போனில் இணைத்துத் தேடுகிறான், அதிலும் இல்லை. எங்கே போய் அழுத்துவது?

மண்டபம்_கேம்ப் · மே 10, பிற்பகல் 3:50

அழுத்தவே முடியாது அக்கா, ஆப்பிள் அந்தப் பட்டனைத் தரவில்லை. தானாகத்தான் ஏறும். ஐபோன், ஐபேட், மேக், இதில் ஒன்று வேண்டும். ஆண்ட்ராய்டில் பாட்டுக் கேட்கலாம், அப்டேட் நடக்காது. ஐபோன் வைஃபையில் இருக்கட்டும், புளூடூத் ஆன். ஏர்பாட்ஸைப் பெட்டியில் போட்டு மூடி, பெட்டியைச் சார்ஜில் செருகி, ஐபோன் பக்கத்தில் வைத்துவிட்டு அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். இடையில் திறந்து பார்க்க வேண்டாம். அப்புறம் திறந்து இணைத்து, அமைப்புகளில் புளூடூத் போய், ஏர்பாட்ஸ் பெயருக்குப் பக்கத்தில் உள்ள 'i' குறியைத் தொட்டால் பதிப்பு எண் தெரியும். மாறவில்லையா, ரீசெட் செய்துவிட்டு மறுபடி அதே கதை.

தொண்டி_எம்பெடட் · மே 10, மாலை 4:05

மேலே சொன்னதில் 'மூடி' என்பதைக் கவனியுங்கள். ஏர்பாட்ஸுக்கு மூடி வைக்க வேண்டும். பாம்பன்_சங்குவின் ஆப் திறந்து வைக்கச் சொன்னது. பல மாடல்களில் மூடினால் பட்ஸ் தூங்கிவிடும், இணைப்பு போய்விடும். காதில் போட்டுக்கொண்டே அப்டேட் செய்யச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. பழக்க தோஷத்தில் மூடியை டப்பென்று சாத்திவிட்டு 'நின்றுபோச்சு' என்பவர்கள் நிறைய. ஆப் திரையில் எழுதியிருப்பதை ஒருமுறை முழுதாகப் படித்தாலே போதும்.

சும்மா_இரு · மே 10, மாலை 5:30

எல்லாம் சரி. ஆனால் என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இவ்வளவு பாடு பட்டு எதற்கு அப்டேட்? சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதானே?

தொண்டி_எம்பெடட் · மே 10, மாலை 6:12

சத்தத்துக்காக என்றால் நீங்கள் சொல்வதே சரி. நானே ஒரு வாரம் பொறுத்து, முதலில் போட்டவர்கள் என்ன புலம்புகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் போடுவேன். ஏனென்றால் பெரும்பாலான கம்பெனிகள் பழைய பதிப்புக்குத் திரும்ப விடுவதில்லை. புதுசில் பாஸ் ஒலி (அடித்தள 'தம் தம்') குறைந்துவிட்டது என்று அழுதாலும் அதோடுதான் வாழ வேண்டும்.

ஆனால் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வரும் அப்டேட் வேறு. 2025 ஜூனில் இஆர்என்டபிள்யூ என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏரோஹா சிப்பில் ஓட்டை கண்டுபிடித்துச் சொன்னார்கள். பல பெரிய பிராண்டுகளின் ஹெட்போன், பட்ஸ் உள்ளே இருப்பது இந்தச் சிப்தான். புளூடூத் எட்டும் தூரத்தில் இருக்கும் ஒருவர், ஜோடி சேர்க்காமலேயே உள்ளே புகலாம் என்று காட்டினார்கள். 2026 ஜனவரியில் இன்னொன்று, பெயர் விஸ்பர்பேர். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. பட்ஸைச் சட்டென்று ஜோடி சேர்க்கும் கூகுளின் ஃபாஸ்ட் பேர் வசதியைச் சில கம்பெனிகள் சரியாகக் கட்டாததால், நீங்கள் போட்டிருக்கும் பட்ஸை இன்னொருவர் தன் போனோடு ஜோடி சேர்த்துக்கொள்ள முடிந்தது. போனில் ஃபாஸ்ட் பேரை அணைத்தாலும் தீராது, பட்ஸை ரீசெட் செய்தாலும் தீராது. ஓட்டை பட்ஸின் ஃபர்ம்வேரில் இருக்கிறது, அதை மாற்றினால்தான் போகும்.

ராமநாதபுரம் பஸ்ஸில் உங்களை ஒட்டுக்கேட்க யாரும் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கப் போவதில்லை, அது வேறு. ஆனால் பட்ஸில் மைக் இருக்கிறது, வீட்டுப் பேச்சு, பேங்க் பேச்சு எல்லாம் அதில்தான். மூன்று வருடமாக ஆப்பே ஏற்றாத பட்ஸில் அந்தத் தாழ்ப்பாள் இன்னும் போடப்படாமலே இருக்கலாம்.

சும்மா_இரு · மே 10, மாலை 6:40

ம்.

விசைப்படகு_டிரைவர் · மே 10, இரவு 8:15

மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை படகு கரையில்தான். வலை பின்னுகிற நேரம் போக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது 650 ரூபாய் பட்ஸ், சந்தையில் வாங்கியது. பெட்டியில் கம்பெனிப் பெயரே ஒழுங்காக இல்லை. இதற்கும் அப்டேட் உண்டா அண்ணே? இன்னொன்று, பழைய வயர் ஹெட்போனில் கடல் ஓசை எஃப்எம் 90.4 கேட்பேன். இந்தப் பட்ஸில் எஃப்எம் வரவே மாட்டேன் என்கிறது. அப்டேட் போட்டால் வருமா?

கீழக்கரை_காக்கா · மே 10, இரவு 8:50

தம்பி, இந்த மாதிரிக் கம்பெனி ஆப் இல்லாத சந்தைப் பட்ஸுக்குப் பெரும்பாலும் அப்டேட் வராது. 'எல்லா பட்ஸுக்கும் ஒரே அப்டேட்டர்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே (ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல்) சுற்றுகிறது, அதை மட்டும் தொடாதே. எந்தக் கம்பெனியும் அப்படி ஒன்று தருவதில்லை. பிளே ஸ்டோரில் அந்தந்தக் கம்பெனியின் ஆப் மட்டும். சாம்சங்குக்கு கேலக்ஸி வேரபிள், சோனிக்கு சவுண்ட் கனெக்ட், ஒன்பிளஸ், ஓப்போவுக்கு ஹேமெலடி, இப்படி. பெட்டியில் ஏர்பாட்ஸ் மாதிரியே இருக்கும் டூப்ளிகேட்டும் சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. ஐபோனில் படம் எல்லாம் வரும், ஆனால் ஆப்பிள் ஃபர்ம்வேர் அதில் ஏறாது.

எஃப்எம் விஷயம் அப்டேட்டால் தீராது. போனில் எஃப்எம் கேட்கும்போது ஹெட்போன் வயர்தான் ஏரியல். வயர் இல்லை என்றால் ஏரியல் இல்லை. பழைய வயரை போனில் செருகிவிட்டு ஸ்பீக்கரில் கேள், அல்லது வயரிலேயே கேள். படகில் எதற்கு இரண்டு காதையும் அடைக்கிறாய்?

விசைப்படகு_டிரைவர் · மே 10, இரவு 9:02

ஒரு காதில்தான் அண்ணே போடுவேன். எஞ்சின் சத்தம் மாறினால் மறு காதுக்குத் தெரிய வேண்டாமா. வயர்தான் ஏரியல் என்பது இத்தனை நாள் தெரியாது. வயரைத் தூக்கி எறியவில்லை, நல்லவேளை.

பாம்பன்_சங்கு · மே 11, இரவு 9:30

அப்டேட் பற்றிய அப்டேட்.

நேற்று ராமநாதபுரத்தில் ஐபிஏ கிடைத்தது. காக்கா சொன்னபடி செய்தேன். மூன்று பஞ்சுக் குச்சி பச்சையாகிவிட்டது. மரக்குச்சியால் அழுத்திக்கொண்டே இருந்தேன், பதினோராவது தடவை 'டிக்' என்று பின் மேலே வந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பட்ஸைப் போட்டுச் சார்ஜில் வைத்தேன். இருபது நிமிஷம் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வலது பட்ஸில் ஒரு சிவப்புப் புள்ளி! மறுநாள் காலையில் ஆப்பில் இரண்டும் 100%. வலதில் பழைய பதிப்பு எண். தொண்டி அண்ணன் சொன்ன மாதிரியே இடது புதுசு, வலது பழசு. இரண்டும் சேர மாட்டேன் என்கின்றன. இடது மட்டும் பாடுகிறது, வலது தனியாக இன்னொரு பெயரில் புளூடூத் பட்டியலில் நிற்கிறது.

ஆனால் இன்று சாயங்காலம் அப்டேட்டை மறுபடி ஓட்டினேன், 8%இல் நின்றுவிட்டது. மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் போன் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில். திரும்பவும் பயம் வந்துவிட்டது.

தொண்டி_எம்பெடட் · மே 11, இரவு 10:05

பயம் வேண்டாம், நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். திரை அணைந்ததும் போன் பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆப்பைத் தூங்க வைக்கிறது. ஆப் தூங்கினால் அனுப்புவது யார்? பேட்டரி சேவரை அணையுங்கள். அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாடு இல்லை என்று போடுங்கள். திரை அணையும் நேரத்தைப் பத்து நிமிஷத்துக்கு மேல் வையுங்கள். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

அதோடு, பட்ஸ் வேறு எதனோடாவது சேர்ந்திருக்கிறதா? கடை லேப்டாப்? அதில் புளூடூத்தை அணையுங்கள். போனும் பெட்டியும் ஒரே மேசையில், ஒரு சாண் இடைவெளியில் இருக்கட்டும். புளூடூத்தும் வைஃபையும் பெரும்பாலும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன, ரவுட்டர் மேலேயே வைத்துவிடாதீர்கள். பஸ்ஸில் ஐம்பது பேர் போனுக்கு நடுவில் 63% வரை போனதே உங்கள் அதிர்ஷ்டம்.

தொடங்கிய பிறகு போன் வந்தால் எடுக்காதீர்கள். நெருங்கியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கீழக்கரை_காக்கா · மே 11, இரவு 10:18

மின்தடையைப் பற்றிக் கவலைப்படாதே, பெட்டிக்குள் தனிப் பேட்டரி இருக்கிறது. பெட்டி முழுச் சார்ஜில் இருந்தால் கரண்டு போனாலும் வந்தாலும் அதற்கு ஒன்றுதான். ஆனால் அக்னி நட்சத்திரம் ஓடுகிறது, வெயில் விழும் ஜன்னல் திண்டில் வைக்காதே. சூடு கூடினால் பேட்டரியைக் காக்கும் சர்க்யூட் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திவிடும். ராத்திரியில் போடு.

பாம்பன்_சங்கு · மே 12, காலை 6:50

முடிந்தது!

நேற்றிரவு 11 மணிக்கு அம்மாவிடம் 'அரை மணி நேரம் யார் போன் வந்தாலும் நான் இல்லை' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பெட்டி 100%, போன் 80%, லேப்டாப் மூடியாச்சு, திரை அணையாது. 63% வந்தபோது நெஞ்சு படபடத்தது. 64 என்று மாறியதும் எழுந்து நின்றுவிட்டேன். 100% வந்த பிறகும் ஒன்றிரண்டு நிமிஷம் ஆப் 'மறுதொடக்கம்' என்று நின்றது. கை வைக்கவில்லை. இரண்டு பட்ஸிலும் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. இரண்டிலும் ஒரே பதிப்பு எண்.

ஆனால் பாட்டுப் போட்டால் மறுபடி இடது மட்டும். அழுகையே வந்துவிட்டது. அப்புறம் போனில் இரண்டு பெயரையும் நீக்கி, பெட்டியில் வைத்தே பட்டனைப் பதினைந்து நொடி அழுத்தி ரீசெட் செய்து, புதிதாக ஜோடி சேர்த்தேன். இரண்டும் பாடின.

தொண்டி_எம்பெடட் · மே 12, காலை 9:20

அருமை. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய ஜோடி விவரத்தைப் போன் நினைவில் வைத்திருக்கும், பட்ஸ் மாறியது அதற்குத் தெரியாது. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது கோளாறு என்றால் முதலில் நீக்கிவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். ரீசெட் பட்டன் மாடலுக்கு மாடல் மாறும்.

கீழக்கரை_காக்கா · மே 12, காலை 9:45

மச்சானிடம் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போச்சு. இனி மாதம் ஒருமுறை பின்னைத் துடை. கச்சான் காற்று தொடங்கினால் வாரம் ஒருமுறை. ஈரக் காதோடு பட்ஸைப் பெட்டியில் போடாதே. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருப்பதை நம்பிக் கடலில் இறங்காதே. அது நல்ல தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்று சோதித்துக் கொடுத்தது, உப்புத் தண்ணீருக்கு இல்லை. அதுவும் பட்ஸுக்கு, பெட்டிக்குப் பெரும்பாலும் அதுகூட இருக்காது.

உச்சிப்புளி_நர்ஸ் · மே 12, பகல் 1:10

எனக்கும் ஏறிவிட்டது தம்பி. ராத்திரி டியூட்டிக்குப் போகுமுன் சார்ஜில் போட்டுவிட்டுப் போனேன், ஐபோனையும் வீட்டிலேயே மறந்துவிட்டேன். மறந்ததும் நல்லதாகப் போயிற்று.

சும்மா_இரு · மே 12, இரவு 10:30

ஆப் ஏற்றினேன். மூன்று வருடத்தில் ஏழு அப்டேட் நிற்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன், இடது குழியில் லேசாகப் பச்சை. காக்கா, அந்த 99% பாட்டில் சாயல்குடியில் எங்கே கிடைக்கும்?